ஆவுடையப்பன் அண்ணாச்சி அணைத்த தீ

செம்மணல் தேரிக்கு நடுவே நெடுந்தேரி என்று ஒரு விமானத்தளம். காலை ஒன்பது மணிக்கு ஒரு விமானம் வரும். பத்து மணிக்கு அதே விமானம் போகும். இந்த ஒரு மணி நேரத்துக்காக நாள் முழுக்கக் காத்திருக்க நாலு தீயணைப்புக்காரர்கள் இருந்தார்கள். நான் அங்கே காற்று பார்க்கிறவன். ஓடுபாதை ஓரத்தில் எனக்கு ஒரு மரக்கூண்டு, அதன் உச்சியில் ஒரு துணிக்குழல். அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அதைச் சீட்டில் எழுதுவது என் உத்தியோகம். அதனால் இதில் வருவதெல்லாம் கூண்டிலிருந்து நானே பார்த்தது. கூட்டிச் சொல்ல நான் ஒன்றும் கதைக்காரன் இல்லை.

நாலு பேருக்கும் தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. ஐம்பத்தெட்டு வயது, கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, மெழுகு தடவிய மீசை. வேலைக்குச் சேர்ந்து முப்பத்தோரு வருஷம் ஆகியும் மனுஷன் ஒரு தீயைக்கூட அணைத்ததில்லை. குற்றம் அவருடையது இல்லை. நெடுந்தேரியில் தீ பிடிக்க மணலைத் தவிர வேறொன்றும் கிடையாது.

அவரிடம் ஒரு பதிவேடு இருந்தது. அதில் இரண்டு கட்டங்கள். 'இன்று ஏற்பட்ட தீ', 'இன்று அணைத்த தீ'. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணாச்சி இரண்டிலும் 'இல்லை' என்று எழுதிக் கோடு போடுவார். 'இல்லை' என்ற சொல்லை அத்தனை அழகாக எழுதுகிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை. பழக்கம்தான்.

ஒரே ஒரு தடவை கேன்டீன் அடுப்பிலிருந்து கூரைக்குத் தீ தாவியது. கேன்டீன் தளத்தின் எல்லைக்கு உள்ளே வருமா, வெளியே வருமா என்று நாலு பேரும் வரைபடத்தை விரித்து வைத்து ஆராய்ந்தார்கள். அடுப்படி உள்ளே, கல்லாப்பெட்டி வெளியே என்று முடிவாகிற நேரத்துக்குள் கேன்டீன்காரர் சாம்பார் குண்டானைத் தூக்கி வீசித் தீயை அவித்துவிட்டார். அன்றைக்கு எல்லோரும் வெறும் இட்லி தின்றோம்.

அண்ணாச்சிக்கு இது மனசில் முள்ளாகக் கிடந்து உறுத்தியது. அவருடைய மச்சினர் டவுன் தீயணைப்பு நிலையத்தில் இருந்தார். வைக்கோல்போர், பட்டாசுக்கடை, பஞ்சுக்கிட்டங்கி என்று வருஷத்துக்கு நாற்பது தீ அணைக்கிற ஆள். பொங்கலுக்குப் பொங்கல் வந்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "இந்த வருஷம் எத்தனை மச்சான்?" என்று கேட்பார். அண்ணாச்சி பாயசம் குடிக்காமல் எழுந்து போய்விடுவார். ஓய்வு பெறுவதற்குள் தன் பெயரில் ஒரே ஒரு தீ, சின்னதாக இருந்தாலும் போதும் என்று அவர் வேண்டாத சாமி இல்லை. தீயணைப்புக்காரன் தீ வேண்டுமென்று கும்பிட்டால் சாமிதான் என்ன செய்யும்?

மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். மந்திரமூர்த்திதான் படித்தவர். தலைமையகம் அனுப்பிய தீயணைப்புக் கையேட்டை அட்டையில் அச்சகத்துப் பெயர் வரைக்கும் மனப்பாடமாக வைத்திருந்தார். அருளப்பன் தீயணைக்கும் பவுடர் சிலிண்டருக்குக் காவல். அது ஆளுயரம் இருக்கும், இரண்டு சக்கரத்தில் நிற்கும், பிடியில் ஈயத்தில் ஒரு சீல் வைத்திருக்கும். மாதாமாதம் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஆறு வருஷமாக அதை ஒரு கொசு தொட விட்டதில்லை. நாலாவது ஆள் பிச்சைக்கண்ணு. அவரிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடி செய்வார். அதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கதைக்கு அதுவே அதிகம்.

அண்ணாச்சி ஓய்வு பெற மூன்றே நாள் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. முருங்கைக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு போக ஒற்றை எஞ்சின் விமானம் வந்து நின்றது. பயணிகள் யாரும் இல்லை. ஓட்டுகிறவர் கேப்டன் தாரணி, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். மூட்டை ஏற்றி முடிந்து கிளம்பப் பார்த்தால் விமானத்தின் பேட்டரி சோர்ந்துபோயிருந்தது. எஞ்சினைக் கிளப்ப வெளியிலிருந்து பேட்டரி வண்டியைக் கொண்டுவந்து, அதன் பிளக்கை விமானத்தின் வயிற்றில் செருகினார்கள். பிளக் பழசு. செருகினால் தானாகக் கழன்று விழுந்தது.

கேப்டன் பிச்சைக்கண்ணுவைக் கூப்பிட்டார். "ஏனுங்ண்ணா, இந்தப் பிளக்கு தொளதொளன்னு இருக்குதுங்க. நான் சொல்ற வரைக்கும் இதை அமுக்கிப் புடிச்சுக்குங்க. யார் என்ன சொன்னாலும் விட்டுறாதீங்க."

"சரிம்மா" என்றார் பிச்சைக்கண்ணு. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கேப்டன் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். எஞ்சின் முனகியது, சுற்றியது, பெருமூச்சு விட்டது. மூக்குக்குக் கீழே இருந்த புகைக்குழாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தீ வெளியே வந்தது.

அண்ணாச்சி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்ததைக் கூண்டிலிருந்தே பார்த்தேன்.

"வந்துட்டு வே" என்றார். பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால் தகப்பன் அப்படித்தான் சொல்வான்.

அடுத்த நொடி நாலு பேரும் பாய்ந்திருப்பார்கள் என்று நினைக்கக் கூடாது. கையேட்டின் முதல் விதி, தீயைக் கண்டதும் நேரத்தைக் குறித்துக்கொள் என்பது. அண்ணாச்சியின் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்திரண்டு. மந்திரமூர்த்தியின் கடிகாரத்தில் ஒன்பது நாற்பத்தொன்பது. தீ எந்தக் கடிகாரத்துக்குப் பிடித்தது என்று சற்று நேரம் பேசினார்கள். கடைசியில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, ஒன்பது ஐம்பதரை என்று எழுதினார்கள். பாகம் போடுவதற்குள் தீ ஒன்றரை முழம் ஆகிவிட்டது.

இரண்டாவது விதி, காற்று முதுகில் படும்படி தீயை அணுகு. மந்திரமூர்த்தி என் கூண்டைப் பார்த்துக் கத்தினார்.

"காத்துக்காரரே, காத்து எங்கன இருந்து வருது?"

"தென்மேற்கு" என்றேன்.

சிலிண்டரை உருட்டிக்கொண்டு மூவரும் தென்மேற்கு மூலைக்கு ஓடினார்கள். தேரிக்காற்றுக்கு ஒரு புத்தி கிடையாது. அவர்கள் போய்ச் சேர்ந்ததும் அது வடமேற்குக்கு மாறியது. நான் மாறியதைச் சொன்னேன். என் வேலை அது. அவர்கள் வடமேற்குக்கு ஓடினார்கள். பிறகு வடக்கு, பிறகு கிழக்கு, பிறகு தெற்கு. இப்படி அவர்கள் விமானத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினார்கள். கோயிலில்கூட அண்ணாச்சி அத்தனை பக்தியாகச் சுற்றியிருக்க மாட்டார். சும்மா இருந்திருக்கலாமே என்று பின்னால் என்னைப் பலர் கேட்டார்கள். காற்று திரும்பினால் சொல்ல வேண்டும் என்று என் நியமன ஆணையில் இருக்கிறது.

மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கியதால் நின்றார்கள். அது மூன்றாவது விதிக்கு வசதியாகப் போயிற்று. தீயைப் பற்றி விமானிக்குக் கைச்சாடை காட்ட வேண்டும். இடது கையால் தீயைச் சுட்ட வேண்டும், வலது கையைத் தோளிலிருந்து முழங்கால் வரை வீச வேண்டும். விமானி பதில் காட்டும்வரை நிறுத்தக் கூடாது. விமானியின் சாடை இல்லாமல் எஞ்சினில் பவுடர் அடிக்கவும் கூடாது.

அருளப்பன் கேப்டனுடைய ஜன்னலுக்கு நேரே போய் நின்று வீச ஆரம்பித்தார்.

தீ பிடித்தது உள்ளே கேப்டனுக்கு ஏற்கெனவே தெரியும். எரிபொருளை நிறுத்திவிட்டு, எஞ்சினை மட்டும் சும்மா சுற்றவிட்டுக்கொண்டிருந்தார். அப்படிச் சுற்றினால் உள்ளே தேங்கிய எண்ணெயைக் காற்று வெளியே தள்ளிவிடும், தீ தானாக அவியும். சுற்றுவதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரமோ பிச்சைக்கண்ணுவின் இரண்டு கையில் இருந்தது. இதெல்லாம் பிற்பாடு கேப்டன் விளக்கித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவருக்கு இருந்த ஒரே கவலை, ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு ஆள் நின்று கையை ஆட்டுகிறாரே என்பதுதான். தள்ளிப் போகச் சொல்லி அவரும் கையை ஆட்டினார்.

"அண்ணாச்சி, அம்மா பதில் காட்டிட்டாவ" என்றார் அருளப்பன்.

மந்திரமூர்த்தி எட்டிப் பார்த்தார். "தோளு சரிதான். முழங்கால் வரைக்கும் வரலைல்லா?"

"உக்காந்திருக்காவ. முழங்கால் உள்ளுக்க இருக்கு. எப்படி வே தெரியும்?"

"தெரியலைன்னா பதில் வரலைன்னுதான் அர்த்தம். வீசும்."

அருளப்பன் வீசினார். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. பதில் வந்தால் உடனே அடிக்கத் தயாராக இருப்போம் என்று சிலிண்டரின் பிடியில் கை வைத்தார். வீசிக்கொண்டிருந்த அருளப்பன் திரும்பிப் பார்த்து வெலவெலத்துப்போனார்.

"அண்ணாச்சி, சீல்."

"சீலுக்கென்ன?"

"உடைஞ்சுரும்."

"உடைச்சாத்தானவே பவுடர் வரும்."

"ஆறு வருஷம் அண்ணாச்சி. எழுபத்திரண்டு மாசம். 'சீல் உடையவில்லை'ன்னு எழுபத்திரண்டு கையெழுத்து போட்டிருக்கேன். இப்பம் ஒரு தீக்காக என் கையெழுத்தைப் பொய்யாக்கச் சொல்லுதீங்களா?"

அண்ணாச்சி யோசித்தார். நியாயம் நியாயம்தான். மந்திரமூர்த்தியிடம் கேட்டார்கள். சீல் உடையாத சிலிண்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கையேடு சொல்வதாக அவர் சொன்னார். உடைத்தால் அது சீல் உடைந்த சிலிண்டர் ஆகிவிடும், உடைந்த சிலிண்டரைத் தீக்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது. மூவரும் சிலிண்டரைச் சுற்றி நின்று, கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் மந்திரமூர்த்திக்குத் தன் வீட்டுச் சமையலறையில் ஒட்டியிருக்கிற எச்சரிக்கைப் படம் ஞாபகம் வந்தது. தீ பிடித்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்து. விமானத்துக்கு மின்சாரம் எங்கிருந்து போகிறது என்று தேடிப் பார்த்தால், அங்கே பிச்சைக்கண்ணு குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"பிச்சைக்கண்ணு, பிளக்கைப் பிடுங்கும்."

"அம்மா சொல்லலை."

"ஏ, தீ பிடிச்சிருக்கு வே."

"பாத்தேன். சூடா இருக்கு. ஆனா அம்மா சொல்லலை."

அண்ணாச்சி தன் அதிகாரக் குரலில் உத்தரவு போட்டார். பிச்சைக்கண்ணு மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"அண்ணாச்சி, நீங்க பெரியவுக, நான் இல்லைங்கலை. ஆனா அம்மா 'நான் சொல்ற வரைக்கும்'னாவ. 'அண்ணாச்சி சொல்ற வரைக்கும்'னு சொல்லலை. 'யார் என்ன சொன்னாலும்'னும் சொன்னாவ. அந்த யாருல நீங்களும் வந்துட்டீங்க."

மந்திரமூர்த்தி அவர் வலது காலைப் பிடித்தார். அருளப்பன் கைச்சாடையை நிறுத்தக் கூடாது என்பதால் வலது கையால் வீசிக்கொண்டே இடது கையால் இடது காலைப் பிடித்தார். இருவரும் இழுத்தார்கள். பிச்சைக்கண்ணுவின் உடம்பு நீண்டு படுத்தது. வேட்டி கட்டாமல் காக்கிக்கால்சட்டை போட்டிருந்தது நல்லதாயிற்று. கை மட்டும் பிளக்கை விடவில்லை. எஞ்சின் சுற்றிக்கொண்டே இருந்தது. குழாயில் ஒன்றரை முழத் தீ ஒரு முழமாயிற்று, அரை முழமாயிற்று, விரல்கடை அளவு வந்தது. கடைசியில் கொஞ்சம் புகை விட்டு அவிந்தது.

கேப்டன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். முகமெல்லாம் வேர்வை. தரையில் நீண்டு கிடந்த பிச்சைக்கண்ணுவையும், அவர் காலில் தொங்கிக்கொண்டிருந்த இருவரையும் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தப் பிளக்கை மட்டும் பிடுங்கியிருந்தால் எஞ்சின் நின்றிருக்கும், தீ மேலே ஏறியிருக்கும், விமானமும் முருங்கைக்காயும் சாம்பல்தான் என்றார். பிச்சைக்கண்ணுவைக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிடக் கை இல்லாததால் பிச்சைக்கண்ணு தலையை ஆட்டினார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். அண்ணாச்சி மட்டும் உடையாத சீலுடன் நின்ற சிலிண்டரில் சாய்ந்து நின்றார். முப்பத்தோரு வருஷத்தில் விமானத்தில் வந்த ஒரே தீ, கண்ணெதிரே வந்து கண்ணெதிரே போய்விட்டது. அதுவும் இன்னொருவர் அணைத்து. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேப்டனிடம் போனார்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணா."

"இன்னொரு தடவை பத்த வைக்க முடியுமா? இம்புட்டு வேண்டாம். பாதி போதும்."

"அண்ணா, இது எஞ்சினுங்க. கேஸ் அடுப்பு இல்லைங்க" என்றார் கேப்டன். நல்ல பெண். சிரிக்காமல்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் பதிவேட்டில் முதல் கட்டத்தில் 'ஒன்று' என்றும், இரண்டாவது கட்டத்தில் 'இல்லை' என்றும் ஏறியது. பதினோராயிரம் நாள் 'இல்லை' எழுதிய கைக்கு அந்த ஒரு 'இல்லை'தான் கோணலாக வந்தது.

கேப்டன் எஞ்சினைச் சோதிக்க மெக்கானிக்கை அழைத்துவர மத்தியானமே காரில் மதுரைக்குப் போய்விட்டார். போகிற அவசரத்தில் பிச்சைக்கண்ணுவிடம் விடச் சொல்ல மறந்துவிட்டார். பிச்சைக்கண்ணு மறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டோம். வரவில்லை. ராத்திரி அவர் மனைவி செல்லக்கிளி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து ஊட்டிவிட்டு, ஊட்டுகிற நேரமெல்லாம் திட்டினாள். கல்யாணத்தன்று தன் கையைப் பிடித்தபோது பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போன மனுஷன், ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறாரே என்பது அவள் வழக்கு. அப்போது யாரும் விடக் கூடாது என்று சொல்லவில்லையே என்றார் பிச்சைக்கண்ணு.

புதன்கிழமை மந்திரமூர்த்தி ஆபீஸ் டெலிபோனில் கேப்டனைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். கேப்டன் பதறிப்போய், உடனே விடச் சொல்லுங்கள் என்றார். மந்திரமூர்த்தி வந்து சொன்னார். "இப்பம் சொல்லுதது நீங்கதான?" என்றார் பிச்சைக்கண்ணு. செல்போனை அவர் காதில் வைத்துவிடலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். விமானத்துக்குப் பக்கத்தில் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்று அங்கேயே பலகை இருந்தது. மந்திரமூர்த்தி அந்தப் பலகையை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சிக்குப் பிரிவு உபசார விழா. மேனேஜர் தேவசகாயம் டெர்மினல் கூடத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். பிச்சைக்கண்ணு இல்லாமல் விழாவா என்று அண்ணாச்சி முறுக்கிக்கொண்டார். பிச்சைக்கண்ணு வர மாட்டார் என்றால் விழாதான் பிச்சைக்கண்ணுவிடம் போக வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குப் பந்தல், நாற்காலி, மைக், மாலை எல்லாம் விமானத்தின் இறக்கைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தன. மச்சினரும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். மேனேஜர் எதிலும் குறை வைக்காத ஆள். ஐந்து முகக் குத்துவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்து எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, தன் கையாலேயே ஏற்றிவைத்தார்.

எரிபொருள் நிரப்பிய விமானத்துக்குப் பத்தடி தூரத்தில் விளக்கு ஏற்றலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். விமானத்தளத்தில் அதைக் கேட்க ஆள் இல்லை.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. கேப்டன் தாரணி இறங்கினார். விமானத்தைப் பார்த்தார், பக்கத்தில் ஐந்து சுடரைப் பார்த்தார். "அதை அணைங்க" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். தூரத்தில் குரல் கேட்கவில்லை. இடது கையால் விளக்கைச் சுட்டிக்கொண்டு, வலது கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடிவருவது மட்டும் தெரிந்தது.

அருளப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அண்ணாச்சி, தோளு."

மந்திரமூர்த்தியும் எழுந்தார். "முழங்கால்" என்றார். "முழுசா முழங்கால். விமானியே காட்டுதாவ."

அண்ணாச்சி கழுத்தில் மாலையோடு மெல்ல எழுந்து நின்றார். தொப்பியைச் சரிசெய்தார். "காத்துக்காரரே" என்றார். குரல் உடைந்திருந்தது.

"கிழக்கு" என்றேன். அன்று காற்றுக்கும் மனம் இளகிவிட்டது போலும், மாறவே இல்லை.

நேரம் குறித்தார்கள். அன்று இரண்டு கடிகாரமும் ஒன்றாக இருந்தன, மந்திரமூர்த்தியின் கடிகாரம் புதன்கிழமையே நின்றுபோயிருந்தாலும். சிலிண்டரைக் கிழக்கே உருட்டினார்கள். பிடிக்குப் பக்கத்தில் வந்ததும் எல்லோரும் அருளப்பனைப் பார்த்தார்கள். அவர் ஈயச் சீலைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தார். "உங்களுக்காக அண்ணாச்சி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு தானே உடைத்தார்.

அண்ணாச்சி அடித்தார்.

ஐம்பது கிலோ சிலிண்டர். ஐந்து திரிக்கு எவ்வளவு போதும் என்று கையேட்டில் இல்லை. விளக்கு அணைந்தது. அதற்கு நேர் பின்னால் இருந்த முதல் வரிசையும் காணாமல் போயிற்று. வெள்ளைப் புகை அடங்கியபோது மேனேஜர் மைக்கைப் பிடித்தபடி மாவுப் பொம்மையாக நின்றார். மச்சினரின் மீசை எது, வாய் எது என்று தெரியவில்லை. கையில் இருந்த லட்டை மட்டும் அவர் விடவில்லை.

மந்திரமூர்த்தி குனிந்து விளக்கின் முகங்களை எண்ணினார். "அஞ்சு தீ, அண்ணாச்சி. தனித்தனித் திரி. அஞ்சும் உங்க கணக்குத்தான்."

அண்ணாச்சி பதிவேட்டை வாங்கி, முப்பத்தோரு வருஷமாக எழுதாத எழுத்தை எழுதினார். 'இன்று அணைத்த தீ: ஐந்து.' எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். பவுடர் கண்ணில் விழுந்ததும் ஒரு காரணம்.

கேப்டன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். முதல் வேலையாகப் பிச்சைக்கண்ணுவிடம் போய், "அண்ணா, நான் சொல்றேனுங்க. விட்டுருங்க" என்றார். பிச்சைக்கண்ணு கையை எடுத்தார். மூன்று நாளாக மடங்கிக் கிடந்த விரலை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். பிறகு நேரே குத்துவிளக்கிடம் போனார். விளக்கு ஏற்றுவதானால் விமானத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், நூறடி தள்ளி வையுங்கள் என்று கேப்டன் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிச்சைக்கண்ணு நூறு அடி எண்ணி நடந்து விளக்கை வைத்தார். மேனேஜரிடம் தீப்பெட்டி வாங்கிவந்து ஐந்து திரியையும் ஏற்றினார்.

"எல்லாரும் அண்ணாச்சிக்கு ஏதோ செஞ்சாவ. நான்தான் ஒண்ணும் செய்யலை" என்றார் பிச்சைக்கண்ணு. "இந்தாங்க அண்ணாச்சி. இன்னும் அஞ்சு."

அப்போது மணி இரண்டே முக்கால். அண்ணாச்சியின் பணி முடிய ஐந்து மணி வரை நேரம் இருந்தது.

சிலிண்டர் தீர்ந்ததும் சின்னச் சிலிண்டர்களைக் கொண்டுவந்தார்கள். அவையும் தீர்ந்ததும் வாளியில் மணல், பிறகு ஈரச்சாக்கு. மச்சினர் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு மேல் அவரும் எழுந்து வந்து திரி தூண்டிக் கொடுத்தார். ஐந்து மணிக்குப் பதிவேட்டில் கோடு போட்டபோது எண்ணிக்கை இருநூற்றுப் பத்து. மேனேஜர் தும்மிக்கொண்டே கையெழுத்துப் போட்டுத் தலைமையகத்துக்கு அனுப்பினார்.

தலைமையகம் பதறிவிட்டது. ஒரே மத்தியானத்தில் இருநூற்றுப் பத்துத் தீ ஏற்படுகிற இடத்துக்கு நாலு ஆள் போதாது என்று மேலும் எட்டுப் பேரை நியமித்தது. அத்தனையையும் உயிர்ச்சேதம் இல்லாமல் அணைத்த அனுபவசாலியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று ஆவுடையப்பனுக்கு இரண்டு வருஷம் பணி நீட்டிப்பும் தந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அண்ணாச்சி வழக்கம்போல் கஞ்சி போட்ட சட்டையில் சைக்கிளில் வந்தார். கேரியரில் குத்துவிளக்கு கட்டியிருந்தது.